காட்டேரிக்கு ஓர் ஆடி வெள்ளி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, டெல்லியில், ஓர் ஆடி மாதம் நடந்தது இது. கரோல் பாகில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கும் சின்ன டப்பிங் ஸ்டூடியோவில் நான் வேலை பார்க்கிறேன். வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அப்பா விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அம்மா ஜனக்புரியில் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். என்னைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்து, கல்லூரிக்கும் அனுப்பினார்கள். அதனால் என் எழுத்தை யாராவது மாற்றச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எவ்வளவு தூரம் நடந்து வந்த எழுத்து அது!

அந்த ஆடியில் எங்களுக்கு ஒரு பேய்க் காதல் படம் வந்தது. குளிர் தேசத்துப் படம். சலவைக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், படகு ஓட்டும் ஒருவனைக் காதலிக்கிறாள். அவளுக்கு ஒரு வினோத வியாதி. ரத்தம் குடிக்காமல் இருக்க முடியாது. முதலில் எலி, பிறகு கோழி, கடைசியில் மனித ரத்தம். போதை போல அவளைப் பிடித்து ஆட்டுகிறது. விஷயம் தெரிந்ததும் அவன் ஓடிப்போகவில்லை. சட்டைக் கையை மடக்கிவிட்டு மணிக்கட்டை நீட்டுகிறான். நாளுக்கு நாள் அவன் மெலிகிறான், அவள் மினுமினுக்கிறாள். கடைசிக் காட்சியில் அவனைக் காப்பாற்றுவதற்காக அவள் அவனைத் துரத்திவிட்டு ஒரு குளிர் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறாள்.

டப்பிங்கில் ஒரு தொல்லை உண்டு. திரையில் உதடு மூடும்போது தமிழிலும் உதடு மூட வேண்டும். ப, ம என்று தொடங்கும் ஒரு சொல் அந்த இடத்தில் விழ வேண்டும். இல்லையென்றால் வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம் போகும். கடைசிக் காட்சியில் அந்த நடிகை ஒரு சொல் சொல்லி நிறுத்தி, உதட்டை அழுத்தி மூடி, மறுபடி பேசுவாள். அதற்கு நான் எழுதியது: “போயிடு... மனுஷி இல்ல நான்.” உதடு கச்சிதமாகப் பொருந்தியது. எழுதி முடித்த அன்று எனக்கே என் முதுகில் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் லேப்டாப்பில் படத்தை ஓட்டி வசனத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“இன்னாடி பாப்பா, அந்தப் பொண்ணு வாயெல்லாம் ரத்தம்?”

“அது ரத்தம் குடிக்கும்மா. குடிக்கலன்னா செத்துடும். காட்டேரி மாதிரி.”

அம்மாவின் கத்தி நின்றது. “வாயக் கழுவு. காட்டேரி நம்ம கொலதெய்வம்.”

“தெரியும்மா. இது வெளிநாட்டுக் காட்டேரி.”

“எந்த நாட்டுக்காரியா இருந்தா இன்னா? பசிச்சாத்தான அவ வருவா? நம்ம ஊர்ல வருசத்துக்கு ஒருதபா படையல் போட்டுடுறோம். யாரு வூட்டுக்கும் போவ மாட்டா. இதுக்கு யாரும் படைக்கல போல. பாவம்.”

“அம்மா, இது பேய்ப் படம். பயப்படணும், பாவப்படக் கூடாது.”

“எனக்கு இன்னாத்துக்கு பயம்? அந்தப் பையன்தான் எளச்சிப் போறான். அவனுக்கு ரெண்டு முட்ட வேவிச்சிக் குடுக்க அந்த ஊர்ல ஒரு நாதி இல்ல” என்று சொல்லிவிட்டு மறுபடி அவரைக்காயில் இறங்கிவிட்டார்.

எங்கள் ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவரும் தமிழர்தான். தாத்தா காலத்திலேயே மத்திய சர்க்கார் வேலைக்கு வந்து கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் தங்கிய குடும்பம். இவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுவேன், அவர் காதால் பிடித்துக்கொள்வார். வெளிர் மஞ்சள் நிறம், ஒல்லி, எப்போதும் சிரிப்பு. சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு நாள் காணாமல் போவார். கேட்டால், “சர்வீசிங்” என்பார். பைக்கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் மெட்ரோ வரை இருவரும் ஒன்றாக நடப்போம். வழியில் ஒரு தள்ளுவண்டியில் சுட்ட சோளம் வாங்கிப் பாதியாக உடைத்துக்கொள்வோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னைப் பிடித்திருக்கிறது என்பது சோளத்தில் பெரிய பாதி யாருக்கு வருகிறது என்பதிலேயே தெரிந்தது. ஆனால் மெட்ரோ படிக்கட்டு வந்ததும், “அச்சா, நாளைக்கு பார்க்கலாம்” என்று திரும்பிவிடுவார். அதற்கு மேல் ஓர் அடி வைக்க மாட்டார்.

கடைசிக் காட்சியைப் பதிவு செய்த அன்று, குரல் கொடுத்த அக்கா கிளம்பிப் போன பிறகு, அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த ‘மனுஷி இல்ல’ இருக்கில்ல, அதை மாத்த முடியுமா?”

“ஏன், உதடு உட்காரலையா?”

“அதெல்லாம் பர்ஃபெக்ட். கேட்கத்தான் நல்லா இல்ல.”

“தமிழ் படிக்கத் தெரியாதவங்க எல்லாம் எனக்கு வசனம் சொல்லிக் குடுக்க வேண்டாம்.”

“அச்சா பாபா, சாரி” என்று கையைக் கூப்பிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வரியை மாற்றவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் மத்தியானம், டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனால் அவர் மிக்ஸிங் மேசை மீது நெற்றியை வைத்துப் படுத்திருந்தார். மாடிப்படி ஏறி வந்து அரை மணி ஆகியும் மூச்சு அடங்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

“என்னாச்சு?”

“பேட்டரி லோ.”

“விளையாடாதீங்க.”

அப்போதுதான் சொன்னார். தலசீமியா. பிறந்ததிலிருந்தே அவர் உடம்பு போதுமான ரத்தத்தைச் செய்துகொள்ளாது. சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதுதான் சர்வீசிங். “மத்தவங்க ரத்தத்துலதான் என் வண்டி ஓடுது. உங்க ஹீரோயின் மாதிரி. படத்துல அதைப் போதைன்னு சொல்றாங்க. போதைன்னா ஒரு நாள் விட்டுடலாம்ல? எனக்கு ஒரு தடவை கூட கிக் வந்ததில்ல. கை வலிக்கும், அவ்வளவுதான்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க கரெக்டாத்தான் எழுதியிருக்கீங்க. மனுஷன் இல்ல நான். அதனாலதான் மெட்ரோவோட நிறுத்திக்கிறேன்” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் டீயை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

போன வாரமே ரத்தம் ஏற்றியிருக்க வேண்டுமாம். இருப்பு இல்லை. மழைக்காலம், ஊர் முழுக்கக் காய்ச்சல், ரத்ததான முகாம்களும் குறைவு. அவருடையது அரிய வகை ரத்தமும் இல்லை. எல்லோருக்கும் இருக்கிற சாதாரண வகை. அதனாலேயே எல்லோருக்கும் அதுதான் வேண்டும். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். ஆள் கொண்டுவந்தால்தான் தருவோம் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அலமாரி கிட்டத்தட்டக் காலி, யாராவது வந்து கொடுத்தால் அந்தக் கணக்கில் மிச்சம் இருக்கிறதை இவருக்குத் திருப்பிவிட முடியும் என்றார்களாம். இதுவரை அவருடைய அப்பா கொடுத்துவந்தார். இப்போது அவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், கொடுக்க முடியாது. ஒரு நண்பன் பெங்களூர் போய்விட்டான். இன்னொருவன் புதிதாகக் கையில் பச்சை குத்தியிருக்கிறான், அவனிடமும் எடுக்க மாட்டார்கள். குரல் கொடுத்த அக்காவுக்குக் கைக்குழந்தை.

“நான் ஆள் கூட்டிட்டு வரேன்” என்றேன்.

“எங்கிருந்து?”

“எங்க தெருவுல இருந்து.”

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். மறைக்காமல், எனக்குப் பிடித்தவர் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எந்த நாளு?”

“வெள்ளிக்கிழமை.”

“ரொம்ப நல்லதாப் போச்சு.”

ஏன் நல்லது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது வேறு யோசனை. யார் ரத்தம் கொடுக்கலாம், யார் கூடாது என்று இணையத்தில் படித்து, வயது, எடை, காய்ச்சல், மாத்திரை என்று எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். ‘ரத்தம் குடுத்தா உடம்பு வத்திப்பூடுமா?’ என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொன்னேன். படித்தவள் என்ற கம்பீரத்தோடு எல்லாம் சொன்னேன். ஒன்றைத் தவிர. அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் முன்னாலேயே போய் ரத்த வங்கி வாசலில் நின்றேன். பஸ்ஸிலிருந்து எங்கள் தெருப் பெண்கள் இறங்கினார்கள். ஏழெட்டுப் பேர். எல்லோரும் தலைக்குக் குளித்து, ஈர முடியை நுனியில் முடிந்து, முகத்தில் மஞ்சளும் நெற்றியில் பெரிய குங்குமமுமாக வந்தார்கள். பாதிப் பேர் தலையில் வேப்பிலை. எல்லோர் உடம்பிலும் மஞ்சள் சேலை. காவலாளி எழுந்து நின்று, “கோவில் இந்தப் பக்கம் இல்லையே, மாதாஜி” என்று இந்தியில் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்று ஆடி வெள்ளி.

உள்ளே ஒரு டாக்டர் அம்மா எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்தார். முதல் கேள்வியே, “நாஷ்தா கியா?” காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று.

எங்கள் தெருவே ஒரே குரலில், பெருமையாக, “நஹீ ஜீ! பானி தக் நஹீ பியா!” என்றது. பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லையாம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தால் மயங்கி விழுந்துவிடுவீர்கள், ஒருவரிடம்கூட எடுக்க முடியாது என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். “இன்னாடி மொறைக்கிற? எனக்கு சுகர் இருக்குதான்னு பாக்க இட்டுனு போறப்ப காப்பித்தண்ணி கூட குடிக்க உட மாட்டியே நீ. ரத்தம் எடுக்கணும்னா வெறும் வயிறுன்னு நீதான சொன்ன? அதுவுமில்லாம ஆத்தாளுக்கு வெரதம். ரெண்டும் ஒண்ணா வந்துச்சேன்னு சந்தோசமா வந்தம்.”

தப்பு சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தெரிந்த வரை ரத்தம் எடுப்பது என்றால் சோதனைக்குத்தான். சாமிக்குக் கொடுப்பது என்றாலும் வெறும் வயிறுதான். இரண்டு கணக்கும் சரியாக இருந்தது, விடைதான் தப்பு.

“சரி, இப்ப கேன்டீன்ல ஏதாவது சாப்பிடலாம் வாங்க” என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டு அத்தைதான் எங்கள் தெருவில் சத்தக்காரி. “அது எப்படிடீ? மத்தியானம் கூழு ஊத்தி, ஆத்தாளுக்குப் படைச்சப்புறந்தான் பல்லுல தண்ணி படணும். நடுவுல முறிச்சா குடும்பத்துக்கு ஆவுமா? சாயந்தரமா வந்து குடுக்குறம்னு டாக்டரம்மா கிட்ட சொல்லு.”

சாயங்காலம் இருக்காது. மத்தியானத்தோடு தானம் வாங்கும் நேரம் முடிந்துவிடும். ஒலிப்பதிவாளர் மேல்மாடி வார்டில் ஏற்கெனவே வந்து படுத்திருந்தார். காலையில் வாசல் படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். அதற்கு முன்னால் ஒரு நாளும் அவர் என்னைத் தொட்டதில்லை. நான் அத்தையிடம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஹீமோகுளோபின் என்றேன், அவசரம் என்றேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரதத்தை முறி என்று சொல்ல நான் யார்?

அம்மா சேலையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“ஏன் அண்ணி, ஊர்ல காட்டேரிக்குக் கெடா வெட்டுறமே, எதுக்கு?”

“ரத்தம் கேக்குறா, குடுக்குறம்.”

“ஆங். அவ இன்னிக்கு மேல் மாடில படுத்துனு கேக்குறா. துன்னுட்டு வந்து குடுன்னு கேக்குறா. நீ துன்ன மாட்டேன், சாயந்தரம் வர்றேன்னு அவ கிட்டயே சட்டம் பேசுவியா? வா, ஜல்தி.”

அத்தை, “ஏத்தம்டி உனக்கு” என்று முனகிக்கொண்டே எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள்.

கேன்டீனில் சூடாக இருந்தது பிரெட் பக்கோடா மட்டும்தான். அம்மா அந்த பிரெட் பக்கோடாவை இரண்டு கையிலும் ஏந்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, “ஆத்தா, நீ பாத்துனுதான் இருக்க” என்று சொல்லிவிட்டுக் கடித்தார். ஏழெட்டு மஞ்சள் முகங்கள் வரிசையாக உட்கார்ந்து அதேபோல ஒற்றிக் கடித்ததைப் பார்த்து, டீ போடுபவர், “ஏதாவது பண்டிகையா, பஹன்ஜி?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு விரலில் குத்திச் சோதித்தார்கள். முதலில் போனது நான்தான். முதலில் திருப்பி அனுப்பப்பட்டதும் நான்தான். எனக்கு ரத்தம் போதாதாம். “நல்லா சாப்பிடு பேட்டா” என்றார் டாக்டர். இன்னும் சிலருக்கும் அதே பதில். வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள், கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர்கள். அது எனக்கு வேறு ஒரு விதத்தில் வலித்தது. அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் இன்னொரு அக்காவும் தேறினார்கள். அத்தை படுக்கையிலிருந்து, “எனக்கு ரத்தம் எல்லாரையும் விட ஜாஸ்தியாம்டி!” என்று அறையே கேட்கக் கத்தினார். நான் திருப்பி அனுப்பப்பட்டதையும் அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேலே அவருக்கு ரத்தம் வந்தது. இவர்கள் கொடுத்தது சோதனையெல்லாம் முடிந்து நாளைக்கு யாருக்கோ போகும். இருப்பில் இருந்த கடைசிப் பைகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்தார்கள். அம்மா பார்த்தே ஆக வேண்டும் என்றார். கையில் பஞ்சு ஒட்டியபடியே மேலே கூட்டிப்போனேன். வார்டில் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். ஒரு பாப்பா கையில் ஊசியோடு உட்கார்ந்து படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் இவர், கட்டிலுக்கு வெளியே கால் நீண்டிருக்க.

அம்மா சொட்டுச் சொட்டாக இறங்கும் பையையே பார்த்தார். “இது யாரு ரத்தம்ப்பா?”

“தெரியாது ஆன்ட்டி. யாருதுன்னு சொல்ல மாட்டாங்க.”

“யாருக்குன்னே தெரியாம குடுத்துட்டுப் போயிருக்காங்களா?”

“ஆமா. எப்பவுமே அப்படித்தான்.” அவர் அம்மாவின் கைப் பஞ்சைப் பார்த்தார். மஞ்சள் பூசிய முகத்தைப் பார்த்தார். “விரதம்னு சொன்னாங்க... எனக்காக உடைச்சீங்களா? பாவம் நீங்க” என்றார்.

அம்மா கட்டில் ஓரத்தில் குந்தினார். “நான் துன்னுட்டேன். நீ துன்னு” என்று ரத்தப் பையைக் காட்டினார்.

அவர் சிரித்தார். ஊசி ஆடுகிறது என்று நர்ஸ் வந்து அதட்டும் வரை சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கீழே இறங்கும்போது அம்மா சொன்னார், “நல்ல புள்ள. எளச்சிருக்கான். ரெண்டு முட்ட வேவிச்சிக் குடுக்கணும்.”

திங்கள்கிழமை ஸ்டூடியோவில் நான் குரல் கொடுத்த அக்காவிடம், கடைசிக் காட்சியை மறுபடி ஒரு முறை பேசச் சொல்லிக் கேட்டேன். அவர் சலித்துக்கொண்டே வந்தார். மேசைக்கு முன்னால் இவர், உதட்டில் நிறம் திரும்பி, மூச்சு வாங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் புதிய வரியை வாசித்துக் காட்டினேன். திரையில் அவள் தன் காதலனைத் தள்ளிவிட்டு, உதட்டை அழுத்தி மூடி, மறுபடி திறந்தாள்.

“போயிடு... பாவம் நீ.”

உதடு முன்பைவிட நன்றாகப் பொருந்தியது. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, வெகுநேரம் ஒலியைக் குறைப்பதும் கூட்டுவதுமாகவே இருந்தார். அன்று மாலை மெட்ரோ படிக்கட்டில் அவர் திரும்பிப் போகவில்லை. ஜனக்புரி வரை வந்தார், எங்கள் வீட்டில் முட்டை சாப்பிட்டார்.

எங்களுக்கு வருகிற தையில் கல்யாணம். தலசீமியா என் ரத்தத்திலும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொண்டேன், பயப்பட ஒன்றும் இல்லை. முருங்கைக்கீரையும் மாத்திரையுமாகத் தின்று, போன முறை நானும் தேறிவிட்டேன். ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் தெருக் கோவிலில் இப்போது விடியற்காலையிலேயே கூழ் ஊற்றிவிடுகிறார்கள். படைத்து, வயிறு நிறையக் குடித்துவிட்டு, மஞ்சள் முகத்தோடு பஸ் ஏறுகிறார்கள். எதிர்வீட்டு அத்தைதான் தலைமை. “எல்லாம் துன்னாச்சா?” என்று ஒவ்வொருவரையும் கேட்ட பிறகுதான் பஸ்ஸில் ஏறவிடுவார்.

எல்லோரும் பயப்படுவதற்காக எடுத்த படத்தில் என் அம்மா ஒரு பசியைத்தான் பார்த்தார். எத்தனை படித்தாலும் எழுதினாலும், அந்தப் பார்வை எனக்கும் வாய்க்க வேண்டும் என்றுதான் ஒவ்வோர் ஆடி வெள்ளியும் ஆத்தாளிடம் கேட்டுக்கொள்கிறேன்.